விசைப்பலகையும் விரல் பயிற்சியும்

எழுதுவது வேறு, எழுதியதைத் திருத்துவது வேறு. இரண்டும் சேர்ந்ததே எழுத்து வேலையாகும். வேளாண்மை விரிவாக்கப் பணியாளர் தயாரிக்கும் பயிர் நிலை அறிக்கையாயினும், சுகாதாரச் செவிலியர் மேலிடத்திற்கு அனுப்பும் மாதக் குறிப்பாயினும், ஆசிரியர் எழுதும் பாடக் குறிப்பாயினும், அது முதல் முறையிலேயே பிழையின்றி அமைந்துவிடுவதில்லை. ஒரு சொல் விடுபடுகிறது. ஓர் எண் மாறிவிடுகிறது. மூன்றாம் பத்தியில் இருக்க வேண்டிய செய்தி ஐந்தாம் பத்தியில் போய் நிற்கிறது. இவற்றைச் சரிசெய்த பின்னரே அறிக்கை அறிக்கையாகிறது.

இந்த வேலை இன்று பெரும்பாலும் கணிப்பொறியில் நடைபெறுகிறது. ஆயினும் நம் பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும், எழுத்துகளை அடிக்கக் கற்பிக்கும் அளவுக்கு, அடித்ததைத் திருத்தக் கற்பிப்பதில்லை. திருத்தும் விசைகள் பற்றிய அறிவு ஒரு வினாத்தாள் விஷயமாக மட்டும் நின்றுவிடுகிறது. எழுத்தர் பணித் தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் ஆயத்தம் செய்வோர், "நகலெடுக்கும் விசை யாது? ஒட்டும் விசை யாது?" என்னும் வினாக்களுக்கு விடைகளை மனப்பாடம் செய்கின்றனர். விடை நாவில் இருக்கிறது, விரலில் இல்லை. தேர்வில் தேறியவரே பணியில் அமர்ந்ததும், ஒரு சொல்லை நீக்குவதற்கு மவுஸைத் தேடிக் கையை நீட்டுகிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கும் பொருந்தும்.

உரைக்குள் நகர்வதற்கும் உரையைத் திருத்துவதற்கும் உரிய விசைகளைத் தொகையில் சிலவாகவும், வரிசையில் ஒழுங்காகவும், கைப்பழக்கமாகவும் எல்லோருக்கும் கற்பிக்க வேண்டும். அவற்றை மனப்பாட வினாக்களாகச் சோதிப்பதைக் கைவிட வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து. இதற்குரிய காரணங்களைக் கீழே காண்போம்.

நகர்தலே அடிப்படை

தட்டெழுத்துப் பொறியில் ஓர் எழுத்து காகிதத்தில் விழுந்ததும் அது அங்கேயே நிலைத்துவிடும். தவறு நேர்ந்தால் அழிப்பான் கொண்டு தேய்க்க வேண்டும். அல்லது தாளை மாற்ற வேண்டும். ஆகவே தட்டெழுத்துப் பயிற்சியில் நகர்தல் என்னும் பாடத்திற்கு இடமே இல்லை. கணிப்பொறியில் உரை நிலைத்து நிற்பதில்லை. கர்சர் எனப்படும் இடங்காட்டி எங்கே நிற்கிறதோ அங்கே எழுதலாம், அங்கே அழிக்கலாம். எனவே கர்சரை வேண்டிய இடத்திற்குக் கொண்டு செல்வதே திருத்தும் கலையின் அடிப்படையாகும்.

நோட்பேடு போன்ற எளிய உரைத் தொகுப்பியிலும், வேர்டு, லிபர் ஆபீஸ் போன்ற பெரிய மென்பொருளிலும் இந்நகர்தல் ஏறக்குறைய ஒரே விதியைப் பின்பற்றுகிறது. அம்புக்குறி விசை கர்சரை ஓர் எழுத்து நகர்த்தும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அதே அம்புக்குறியைத் தட்டினால் ஒரு சொல் நகரும். ஹோம் விசை வரியின் தொடக்கத்திற்கும், எண்ட் விசை வரியின் முடிவிற்கும் கொண்டு செல்லும். இவ்விரண்டையும் கண்ட்ரோலுடன் சேர்த்து அழுத்தினால் உரை முழுவதற்கும் தலைக்கோ கடைக்கோ போய்ச் சேரலாம். ஹோம், எண்ட் விசைகள் தனியாக இல்லாத சில மடிக்கணினிகளில், எஃப்என் விசையுடன் அம்புக்குறிகளைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். மேலும் கீழும் செல்லும் அம்புக்குறிகளைத் தனியே வைத்துவிட்டால், எழுத்து, சொல், வரி, உரை என நான்கு அளவுகள். ஒவ்வொன்றுக்கும் முன், பின் என இரு திசைகள். ஆக மொத்தம் எட்டு அசைவுகள்.

இனி ஒரே ஒரு விதியைச் சேர்ப்போம். இந்த எட்டில் எதைச் செய்யும்போதும் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால், கர்சர் கடந்து சென்ற பகுதி முழுவதும் தேர்வாகிவிடும். எட்டு அசைவுகளைக் கற்றவருக்கு எட்டுத் தேர்வு முறைகள் கூடுதல் உழைப்பின்றிக் கிடைத்துவிடுகின்றன. தேர்வு செய்த பகுதியை வெட்டலாம், நகலெடுக்கலாம், அழிக்கலாம், அதன்மேல் புதிதாக அடிக்கலாம். எவ்வளவு என்பது ஒரு கேள்வி. என்ன செய்வது என்பது மற்றொரு கேள்வி. எழுவாயும் பயனிலையும் சேர்ந்து வாக்கியம் அமைவது போல, அளவும் செயலும் சேர்ந்து ஒரு திருத்தம் அமைகிறது. இதனை இலக்கணமாகக் கற்றவர், பட்டியலாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

விசைகள் வந்த வரலாறு

இவ்விசைகள் தற்செயலாக அமைந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்தை அறிந்தால் நினைவில் நிறுத்துவது எளிது.

1976-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் என்பவர் 'விஐ' என்னும் உரைத் தொகுப்பியை எழுதினார். அதில் ஹெச், ஜே, கே, எல் ஆகிய எழுத்து விசைகளே கர்சரை முறையே இடம், கீழ், மேல், வலம் நகர்த்துகின்றன. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்னும் முனையத்தில் அம்புக்குறிகள் தனி விசைகளாக இல்லை. இந்த நான்கு எழுத்துகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன. அம்முனையம் மறைந்துவிட்டது, ஆனால் அதன் அமைப்பு, 1991-இல் பிராம் மூலினார் வெளியிட்ட 'விம்' தொகுப்பியின் வழியாக இன்றளவும் வாழ்கிறது.

1978-இல் வெளிவந்த வேர்டுஸ்டார் வேறொரு வழியைக் கையாண்டது. கண்ட்ரோல் விசையுடன் எஸ் இடப்பக்கமும், டி வலப்பக்கமும், இ மேலும், எக்ஸ் கீழும் நகர்த்தின. இந்நான்கு விசைகளும் இடக்கையின் கீழ் ஒரு வைர வடிவில் அமைந்தவை. எஸ்ஸுக்கு அப்பாலுள்ள ஏ ஒரு சொல் இடப்பக்கமும், டிக்கு அப்பாலுள்ள எஃப் ஒரு சொல் வலப்பக்கமும் தாவின. திசை எதுவோ அத்திசையிலேயே விசை. தூரம் கூடினால் விசையும் சற்றுத் தள்ளி. கற்பவர் எழுத்தின் பெயரை நினைவில் வைக்க வேண்டியதில்லை. கையின் வடிவமே நினைவாயிற்று.

இன்று உலகெங்கும் வழங்கும் வெட்டு, நகல், ஒட்டு என்னும் செயல்களின் வரலாறு ஆசிரியர்களுக்குச் சுவையாக இருக்கும். 1970-களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 'ஜிப்சி' என்னும் தொகுப்பியை உருவாக்கினர். அது பாடநூல் வெளியிடும் ஒரு பதிப்பகத்தின் பதிப்பாசிரியர்களுக்காக அமைந்தது. அக்காலப் பதிப்பாசிரியர்கள் கையெழுத்துப் படியைக் கத்தரியால் வெட்டிப் பசையால் ஒட்டி வேலை செய்தனர். அந்தக் கைவேலையின் பெயர்களே கணிப்பொறிக்கும் வந்தன. பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டெஸ்லர், 1983-இல் வெளிவந்த லிசா கணிப்பொறிக்காக எக்ஸ், சி, வி, இசட் ஆகிய நான்கு விசைகளைத் தேர்ந்தெடுத்தார். எக்ஸ் என்பது அடித்து நீக்கும் குறி. சி என்பது நகலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. வி என்பது விடுபட்ட சொல்லைச் சேர்க்கத் திருத்துவோர் இடும் கூர்முனைக் குறியின் தலைகீழ் வடிவம். இசட் இவற்றுக்கு அடுத்து அமைந்த விசை. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் எவருக்கும் இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் கைவந்த குறிகளே. வகுப்பில் இதனைச் சொல்லிக் காட்டினால் மாணவர் ஒரு நாளும் மறவார்.

வேகம் பற்றிய வாதம்

குறுக்கு விசைகளை ஆதரிப்போர் பெரும்பாலும் வேகத்தையே காரணமாகக் காட்டுகின்றனர். இவ்வாதத்தைச் சற்று நிதானமாக ஆராய்தல் நலம்.

1980-இல் ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவர் கணிப்பொறி வேலைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடும் முறை ஒன்றை வெளியிட்டனர். அதன்படி, தேர்ந்த தட்டெழுத்தாளர் ஒரு விசையை அழுத்த ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். கையை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்கோ மவுஸிலிருந்து விசைப்பலகைக்கோ மாற்ற 0.4 விநாடி; திரையில் ஓரிடத்தைச் சுட்ட 1.1 விநாடி. சற்று முன் அடித்த ஒரு சொல்லை மவுஸ் கொண்டு நீக்குவதாக வைத்துக்கொள்வோம். கை மாற்ற 0.4, சுட்ட 1.1, இருமுறை சொடுக்க 0.4, கை திரும்ப 0.4, டெலீட் விசைக்கு 0.2, ஆக 2.5 விநாடி. கண்ட்ரோலுடன் பேக்ஸ்பேஸை அழுத்தினால் பெரும்பாலான மென்பொருள்களில் அச்சொல் முழுவதும் நீங்கும். ஆகும் நேரம் 0.4 விநாடி. மிச்சம் 2.1 விநாடி. இத்தகைய நூறு திருத்தங்களுள்ள ஓர் அறிக்கையில் மிஞ்சுவது மூன்றரை நிமிடம். இது பெரிய இலாபம் என்று சொல்வதற்கில்லை.

மேலும், அதே முறை, ஒரு செயலுக்கு மனத்தை ஆயத்தம் செய்ய 1.35 விநாடி ஆகும் எனவும் கணக்கிடுகிறது. எந்த விசை என்று யோசித்து நிற்பவருக்கு மேற்சொன்ன மிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துபோகும். ஆப்பிள் நிறுவனத்தில் பணிபுரிந்த புரூஸ் டோக்னஸ்ஸினி 1989-இல் இதையே வலியுறுத்தினார். விசைகளே விரைவு என மக்கள் கருதுகின்றனர். கடிகாரமோ மவுஸே விரைவு எனக் காட்டுகிறது என்பது அவர் வாதம். மறுபுறம், 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், வேர்டு மென்பொருளில் அனுபவமுள்ள 251 பேரிடம் வினவியபோது, அவர்களுள் பெரும்பாலோர் குறுக்கு விசைகளை அரிதாகவே பயன்படுத்தியது தெரியவந்தது. அடுத்து ஆறு பேரை வைத்து நடத்திய சோதனையிலோ குறுக்கு விசைகளே மிக விரைவாக முடிந்தன.

இவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். உண்மையில், இரண்டையும் இணைக்கும் முடிவு ஒன்று உண்டு. யோசித்து அழுத்தும் விசை மெதுவானது. யோசனையின்றி விரல் தானே செல்லும் விசை விரைவானது. அனுபவம் மட்டும் முன்னதைப் பின்னதாக மாற்றிவிடுவதில்லை, பயிற்சியே மாற்றுகிறது. ஆகையால் நூறு விசைகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. பன்னிரண்டு விசைகளை விரலில் ஏற்றினால் பயன் உண்டு.

விரலில் ஏறியதன் மெய்யான பயன் மிச்சமாகும் விநாடியன்று, கலையாத சிந்தனையே. கை பலகையைவிட்டு நீங்கி, கண் திரையில் அம்புக்குறியைத் தேடி, மீண்டும் வரிக்குத் திரும்பும்போது எழுதிக்கொண்டிருந்த எண்ணம் நூலறுந்துவிடும். அது அறாமலிருப்பதே எழுதுவோருக்கு வேண்டியது.

இந்திய எழுத்துகளும் விசைகளும்

ஆங்கில நூல்களைப் பார்த்து எழுதப்படும் பயிற்சிக் கையேடுகளில் ஒரு குறை உண்டு. இந்திய எழுத்துகளில் இவ்விசைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அவை சொல்வதில்லை. இது சிறிய குறையன்று.

'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணிப்பொறியின் யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சொல்லின் முடிவில் கர்சரை நிறுத்திப் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால், பெரும்பாலான மென்பொருள்களில் புள்ளி மட்டும் நீங்கித் 'தமிழ' என்றாகும். ஆனால் 'மி' என்பதற்கு முன்னே கர்சரை நிறுத்தி டெலீட்டை அழுத்தினால் 'மி' முழுவதும் ஒருசேர நீங்கும். அம்புக்குறியும் 'மி'யை ஓரெழுத்தாகவே தாண்டிச் செல்லும். ஆங்கிலத்தில் இவ்விரு விசைகளுக்கும் வேற்றுமை திசை மட்டுமே. இந்திய எழுத்துகளில் அளவும் வேறாகிறது.

இது குறையன்று, அறிந்தவருக்குப் பெரும் வசதி. 'கொடு' என்று அடித்ததைக் 'கோடு' எனத் திருத்த வேண்டுமாயின், 'கொ'வுக்குப் பின் கர்சரை நிறுத்தி ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்தினால் 'க' எஞ்சும். உயிர்க்குறிகளுக்குத் தனி விசைகளுள்ள இன்ஸ்கிரிப்ட் பலகையில் ஓகாரக் குறியை மட்டும் அடித்தால் திருத்தம் முடிந்தது. அறியாதவரோ இயந்திரம் கெட்டுவிட்டதென எண்ணிச் சொல் முழுவதையும் அழித்து மீண்டும் அடிப்பார். இந்தி, தெலுங்கு, வங்காளம் முதலிய மொழிகளில் கூட்டெழுத்துகள் மிகுதியாகையால் இவ்வறிவு அங்கே இன்னும் அவசியமாகிறது.

மற்றொரு செய்தி. 1986-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை வகுத்த இன்ஸ்கிரிப்ட் பலகையும், 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்-99 பலகையும், உயிரை இடக்கையிலும் மெய்யை வலக்கையிலும் வைத்து அமைந்தவை. இப்பலகைகளில் அடிக்கும்போதும், கண்ட்ரோலுடன் அழுத்தும் விசைகள் பெரும்பாலான மென்பொருள்களில் ஆங்கிலப் பலகையின் இடங்களிலேயே வேலை செய்கின்றன. அதற்காக மொழியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் விம் போன்ற தொகுப்பிகளில் எழுத்தே கட்டளையாவதால், இந்திய மொழிப் பலகை இயங்கும்போது அக்கட்டளைகள் பொதுவாகச் செல்லுபடியாகா. நிரல் எழுதுவோருக்கு அத்தொகுப்பிகள் சிறந்தவை; இந்திய மொழியில் அறிக்கை எழுதுவோருக்குக் கண்ட்ரோல் விசைமுறையே ஏற்றது.

தேடி மாற்றும் விசையைக் குறித்து ஓர் எச்சரிக்கை. ஓர் அறிக்கை முழுவதிலும் 'மனு' என்பதை 'விண்ணப்பம்' என ஒரே கட்டளையில் மாற்ற ஒருவர் முற்படுவதாக வைத்துக்கொள்வோம். 'மனுதாரர்' என்பது 'விண்ணப்பம்தாரர்' ஆகிவிடும். 'மனுவை' என்பது 'விண்ணப்பம்வை' ஆகிவிடும். 'மனுநீதி நாள்' 'விண்ணப்பம்நீதி நாள்' ஆகிவிடும். வேற்றுமையும் விகுதியும் சொல்லோடு ஒட்டும் மொழியில், அனைத்தையும் ஒருசேர மாற்றும் கட்டளை ஆபத்தானது. ஒவ்வொன்றாகக் காட்டச் செய்து, பார்த்து மாற்றுவதே முறை. இத்தகைய செய்திகளை அந்தந்த மொழியின் ஆசிரியரே கண்டறிந்து சொல்ல முடியும்; வேறெவரும் நமக்காகச் சொல்லமாட்டார்கள்.

யாருக்கு இது இன்றியமையாதது?

மவுஸ் பிடிப்பவருக்கு விசைகள் ஒரு வசதி. பார்வையற்றவருக்கோ அவையே வழி. திரையில் அம்புக்குறி எங்கே இருக்கிறது என்பதைக் காணாதவர் மவுஸால் எதையும் சுட்ட இயலாது. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு அவர் விசைகளாலேயே எல்லாவற்றையும் செய்கிறார். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தோன்றி இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று. அம்புக்குறியை அழுத்தினால் எழுத்தை உரைக்கும். கண்ட்ரோலுடன் அழுத்தினால் சொல்லை உரைக்கும். அதாவது நாம் மேலே விவரித்த எட்டு அசைவுகளே அவருக்குக் கண்ணாகின்றன.

மின்னணு வடிவிலுள்ள செய்திகளும் சாதனங்களும் எல்லோருக்கும் எட்டுமாறு அமைய வேண்டுமென மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வகுத்தது. சட்டம் வகுப்பறைக்குள் நுழைவது ஆசிரியரின் வழியாகவே. "அந்தப் படத்தின் மேல் சொடுக்கு" என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஆசிரியரால், பார்வையற்ற மாணவருக்கு ஒரு வரியும் கற்பிக்க இயலாது. விசைகளின் பெயரால் பாடம் நடத்துபவருடைய வகுப்பில், பார்வையுள்ளவரும் அற்றவரும் ஒரே பலகையில் அமரலாம். விசைப் பயிற்சியைப் பாடத்திட்டத்தின் ஓரத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டியதில்லை.

களப்பணியாளரின் நிலையும் நோக்கத்தக்கது. அவர் மடிக்கணினியை மேசையில் வைத்து நிதானமாக எழுதுபவரல்லர். ஓரிடத்தில் மவுஸ் இராது; மற்றோரிடத்தில் தொடுபலகை வியர்வைக் கைக்குச் சரியாக இயங்காது; மின்சாரமும் சில வேளை நின்றுவிடும். இத்தகைய சூழலில், பத்திக்கு ஒருமுறை கண்ட்ரோலுடன் எஸ் அழுத்திச் சேமிக்கும் பழக்கம் ஒரு நாள் உழைப்பைக் காக்கும்.

கற்பிக்கும் முறை

முதல் நாளன்று நகலையும் ஒட்டையும் கற்பிக்க வேண்டாம். மீட்சியைக் கற்பிக்க வேண்டும். ஒரு பக்க உரையைத் திரையில் வைத்து, கண்ட்ரோலுடன் ஏ அழுத்தி அனைத்தையும் தேர்வு செய்யச் சொல்லுங்கள். பிறகு ஏதேனும் ஓர் எழுத்தை அடிக்கச் சொல்லுங்கள். பக்கம் முழுவதும் மறைந்துபோகும். வகுப்பு திகைத்து நிற்கும்போது கண்ட்ரோலுடன் இசட் விசையை அழுத்தினால் எல்லாம் திரும்பிவிடும். புதிதாகக் கற்பவர்களை, சிறப்பாக வயதில் முதிர்ந்த பணியாளர்களை, தடுத்து நிறுத்துவது அறியாமையைவிட அச்சமே. போனது திரும்பும் என்று கண்ணால் கண்டவர் பின்னர்த் துணிந்து விசைகளைத் தொடுவார்.

அடுத்த வாரம் நகர்தல் மட்டும். ஒவ்வொரு பாட வேளையிலும் பத்து நிமிடம் மவுஸை எடுத்து ஒதுக்கி வைத்துவிட வேண்டும். ஆசிரியர் பிழைகள் மலிந்த ஒரு பத்தியைத் தர வேண்டும்; மாணவர் புதிதாக எதையும் எழுதாமல், பிழையுள்ள இடத்திற்குச் சென்று சேர்வதையே பயில வேண்டும். மூன்றாம் வாரம் ஷிப்ட் விசையுடன் தேர்வு செய்தல். நான்காம் வாரம் வெட்டு, நகல், ஒட்டு. கலைந்த வரிசையில் தந்த ஒரு செய்முறைக் குறிப்பை நேர் வரிசையில் அடுக்கச் சொல்வது இதற்கு ஏற்ற பயிற்சி. ஐந்தாம் வாரம் தேடுதல்.

கணிப்பொறி ஒன்றும் மாணவர் பலரும் உள்ள பள்ளிகளில் இது எவ்வாறு சாத்தியம் எனக் கேட்கலாம். ஒரு மாணவர் பலகையில் அமரட்டும். மற்றவர் திரையைப் பார்த்து வாயால் வழி சொல்லட்டும். "வரியின் முடிவு, இரண்டு சொல் பின்னே, ஒரு சொல் தேர்வு" என்று அவர்கள் சொல்லச் சொல்ல அமர்ந்தவர் செய்யட்டும். வழி சொல்பவரும் செய்பவரைப் போலவே கற்பார். தாளில் வரைந்த பலகையின் மீது விரல் வைத்துப் பழகுவதும் வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்க்குத் துணையாகும்.

தேர்வும் இதற்கேற்ப மாற வேண்டும். ஒட்டும் விசை யாது என்று கேட்பது நீச்சல் தெரியுமா என்று தாளில் கேட்பதை ஒக்கும். பிழையுள்ள ஒரு பக்கத்தைத் தந்து, குறித்த நேரத்தில் திருத்தித் தரச் சொல்வதே நேர்மையான சோதனை. திருந்திய பக்கமே விடைத்தாள்.

சில ஆட்சேபங்கள்

மென்பொருளுக்கு மென்பொருள் விசைகள் மாறுகின்றனவே என்பது ஓர் ஆட்சேபம். மாறுவது உண்மை. ஆப்பிள் கணிப்பொறியில் கண்ட்ரோலின் வேலையைப் பெரும்பாலும் கமாண்ட் விசை செய்கிறது. சொல் தாவுவதற்கு ஆப்ஷன் விசை. லினக்ஸ் முறைமையின் கட்டளைச் சாளரத்தில் கண்ட்ரோலுடன் சி அழுத்தினால் நகல் எடுக்காது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையே நின்றுவிடும். எனினும், எழுத்து, சொல், வரி, உரை என்னும் அளவுகளின் இலக்கணம் எங்கும் மாறுவதில்லை. அதனைக் கற்றவர் புதிய இயந்திரத்தில் ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்வார். பட்டியலை மனப்பாடம் செய்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்.

கைபேசியும் குரல்வழி எழுத்தும் வந்துவிட்டன, இயந்திரமே கட்டுரை எழுதித் தருகிறது, இனி இப்பயிற்சி எதற்கு என்பது இன்னொன்று. உண்மையில் இவை திருத்த வேண்டிய உரையைக் குறைக்கவில்லை, பெருக்கியிருக்கின்றன. வாயால் சொன்னதில் ஊரின் பெயர் பிழைபடுகிறது. இயந்திரம் தந்ததில் ஆம் என்பது அல்ல என்றிருக்கலாம். ஓர் எண் இல்லாததாக இருக்கலாம். அவற்றைக் கண்டு, அந்த இடத்திற்குச் சென்று, தேவையானதை மட்டும் மாற்றுவது மனிதரின் பொறுப்பு. எழுதும் வேலையை இயந்திரம் எவ்வளவு ஏற்கிறதோ, அவ்வளவுக்குத் திருத்தும் வேலை நம்மிடம் கூடுகிறது.

மவுஸை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. படம் வரைவதற்கும், நெடுந்தூரத்திலுள்ள ஓரிடத்தைக் கண்ணால் கண்டு தொடுவதற்கும் அது சிறந்த கருவி. கை எங்கே இருக்கிறதோ அங்கேயே வேலை முடியுமாயின், கையை நகர்த்தாதிருப்பதே விவேகம். இவ்வளவே நாம் வேண்டுவது.

இப்பயிற்சிக்குப் புதிய கருவி வேண்டியதில்லை. நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. மேலிடத்து உத்தரவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் அலுவலகத்திலும் ஏற்கெனவே உள்ள பலகையில் இந்த வசதி பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. ஆசிரியர்கள் அடுத்த பாட வேளையில் பத்து நிமிடத்தை இதற்கென ஒதுக்கலாம். களப்பணியாளர்கள் அடுத்த அறிக்கையின் முதல் பக்கத்தை மவுஸைத் தொடாமல் திருத்திப் பார்க்கலாம். முதல் வாரத்தில் வேலை சற்று மெதுவாகவே நடக்கும், அது இயல்பே. விரல் ஒருமுறை கற்றுக்கொண்டால் பின்னர் அதற்கு நினைவூட்ட வேண்டியிராது.